பதில்: இடப்பெயர்ச்சி ஏன் 7 கி.மீ. இல்லை?

தம்பி, தொண்டியிலிருந்து படகு கிழக்கே 4 கி.மீ., அப்புறம் வடக்கே 3 கி.மீ. போனால் இடப்பெயர்ச்சி ஏன் 7 இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 7 என்பது கடந்த தொலைவு. டீசல் செலவு அதைப் பொறுத்ததுதான். திசை தேவைப்படாத ஸ்கேலார் அது. இடப்பெயர்ச்சி அளவோடு திசையும் சேர்ந்த வெக்டார். புறப்பட்ட இடத்திலிருந்து படகு நிற்கும் இடத்துக்கு நேர்கோடு இழுங்கள். அதுதான் செங்கோண முக்கோணத்தின் கர்ணம்; அதன் நீளம் 5 கி.மீ. கூடவே, கிழக்கிலிருந்து வடக்காக சுமார் 37 பாகை என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் விடை பாதிதான். நம் கடற்கரையில் காற்றின் வேகத்தை மட்டுமா கேட்கிறார்கள்? எந்தத் திசைக் காற்று, வாடையா கச்சானா என்றும்தானே கேட்கிறார்கள்!

ஒன்று கவனம்: திசை இருப்பதெல்லாம் வெக்டார் ஆகாது. மின்னோட்டத்துக்கும் திசை உண்டு. ஆனால் ஒரு சந்தியில் 4 ஆம்பியரும் 3 ஆம்பியரும் வந்து சேர்ந்தால், கம்பிகள் எந்தக் கோணத்தில் இருந்தாலும் வெளியேறுவது 7 ஆம்பியர்தான். வெக்டாராக இருந்தால், படகின் 4-ம் 3-ம் சேர்ந்து 5 ஆனதுபோல, கூட்டுத்தொகை கோணத்தைப் பொறுத்து மாறியிருக்கும். அதனால் மின்னோட்டம் ஸ்கேலார்.