சூரியனிலிருந்து சில நொடிகளே நீடிக்கும் ரேடியோ வெடிப்புகள் வருகிறதாமே, அவை எப்படி உண்டாகின்றன?

மொட்டை மாடியில் ஏழு மீட்டர் செம்புக் கம்பி கட்டி, 20 மெகாஹெர்ட்ஸில் இவற்றைக் கேட்டு வருகிறேன். எப்போதும் மெல்லிய 'ஸ்ஸ்' இரைச்சல் ஒன்று இருக்கும். அது பால்வீதியிலிருந்து வருவது. திடீரென்று அந்த இரைச்சல் கரையேறும் கடலலை போலப் பொங்கி, பத்திருபது நொடியில் அடங்கிவிடும். முதல் தடவை பக்கத்து வீட்டு மோட்டார் என்றே நினைத்தேன். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்கள் இப்படித் திணறியபோது, எதிரியின் வேலை என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். ஜே. எஸ். ஹே என்பவர்தான் சூரியனில் இருந்த பெரிய கரும்புள்ளிக் கூட்டத்தைக் காரணமாகக் கண்டுபிடித்தார்.

நான் கேட்டது மூன்றாம் வகை வெடிப்பு. கரும்புள்ளிகளுக்கு மேலே முறுக்கேறிய காந்தப்புலக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணையும்போது, எலக்ட்ரான் கூட்டம் ஒன்று ஒளிவேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் வேகமெடுத்து வெளியே பாய்கிறது. போகிற வழியில் சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் சூடான வாயுவை, அது உலுக்குகிறது. பிளாஸ்மாவுக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. கன சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி எலக்ட்ரான் இருந்தால் சுமார் 90 மெகாஹெர்ட்ஸ். அடர்த்தி கால்வாசியானால் அதிர்வெண் பாதி. அந்த அலைவில் ஒரு சிறு பங்கு ரேடியோ அலையாக மாறி, அதே அதிர்வெண்ணிலும் அதன் இருமடங்கிலும் வெளியேறுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: மேலே போகப் போக அடர்த்தி குறைவதால் அதிர்வெண்ணும் இறங்கிக்கொண்டே வரும். எந்த நொடியில் எந்த அதிர்வெண் என்று குறித்தால், எலக்ட்ரான் கூட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணித்துவிடலாம். என் ரேடியோவுக்குரிய உயரத்தை அது சட்டென்று கடந்துவிடுகிறது, சத்தமும் அதோடு போய்விடுகிறது. ஊட்டியிலும் கர்நாடகத்தின் கௌரிபிதனூரிலும் உள்ள காலிஸ்டோ என்ற சூரிய ரேடியோ அலைமாலைக் கருவிகளின் படங்களை இணையத்தில் பாருங்கள். நேரம் கிடையாகவும் அதிர்வெண் செங்குத்தாகவும் இருக்கும் அந்தப் படங்களில் மூன்றாம் வகை கிட்டத்தட்ட செங்குத்தான கோடாகத் தெரியும்.

சாய்ந்து, பல நிமிடங்கள் நீளும் இரட்டைப் பட்டை தெரிந்தால் அது இரண்டாம் வகை. அங்கே காரணம் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் கிளம்பும் அதிர்ச்சி அலை.

சுமார் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே நம் அயனிமண்டலம் வழிமறித்துவிடும். அதற்கப்பால் 1994இல் ஏவப்பட்ட விண்ட் போன்ற விண்கலங்கள்தான் கேட்க வேண்டும். மாடியில் பத்து நொடியில் ஓய்ந்த அதே வெடிப்பு, அவற்றில் சில பத்து கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கியபடி ஒரு மணி நேரம்கூட நீள்கிறது.