கன்றின் தொப்புளில் சீழ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மழை மாதங்களில் பிறக்கும் கன்றுகளுக்குத்தான் தொப்புள் வீங்கிச் சீழ் பிடிக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடுகிறோம். போன வருஷம் இரண்டு கன்று செத்துவிட்டது. எங்கே தப்பு?
– வாசகி, சிரியம், மியான்மர்

பதில்: தொப்புள்கொடியை மேல்தோல் புண்ணாக நினைத்து மருந்து போடுவதில்தான் பிசகு, அம்மா. அது ஒரு குழாய்க் கொத்து. அதில் ஒரு சிரை முன்பக்கமாக ஈரலுக்குப் போகிறது. இரண்டு தமனிகள் பின்பக்கமாக மூத்திரப்பையை ஒட்டிப் போகின்றன. மூத்திரப்பையின் நுனியிலிருந்து வரும் இன்னொரு குழாயும் உண்டு. கன்று விழுந்து கொடி அறுந்ததும் தமனிகள் சுருங்கி வயிற்றுக்குள் போய்விடும். சிரையும் கொடியின் உறையும் மட்டும் ஈரமாக வெளியே தொங்கும். அது காயும்வரை, சாணியும் மூத்திரமும் கலந்த தரையில் கன்று படுக்கும் ஒவ்வொரு தடவையும் கிருமி உள்ளே ஏற வழி இருக்கிறது. வைகாசி பிறந்தால் ஐப்பசி வரை நம் பக்கம் கொட்டில் தரை காய்வதே இல்லை. மழைக்கன்றுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக வருவது அதனால்தான்.

வேப்பெண்ணெய் கொடியைக் காயவிடாது. பிசுபிசுப்பில் சாணித்தூள் ஒட்டும். நமக்கு வேண்டியதோ கொடி சீக்கிரம் காய்வது. சாம்பல், சாணி, மண் எதையும் வைக்கவே வைக்காதீர்கள். ஜன்னி (டெட்டனஸ்) கிருமி அவற்றோடுதான் வரும். பினாயில் தோலை வேகவைத்துவிடும். கறந்தபின் காம்பு முக்கும் மருந்தும் இதற்கு ஆகாது. அதில் அயோடின் குறைவு, தோலை மிருதுவாக்கும் பொருளும் சேர்ந்திருக்கும்.

7 சதவீத டிங்சர் அயோடின் கிடைத்தால் அதுவே நல்லது. அதிலுள்ள சாராயம் கொடியை வேகமாக உலர்த்தும். கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் விற்கும் 10 சதவீத போவிடோன் அயோடினைத் தண்ணீர் கலக்காமல் பயன்படுத்துங்கள். கன்று விழுந்து அரை மணிக்குள் முதல் தடவை போட்டுவிட வேண்டும். வாயகன்ற சின்னக் குப்பியில் பாதி மருந்து ஊற்றி, கன்றை நிற்கவைத்து, கொடி முழுவதும் உள்ளே போகும்படி குப்பியின் வாயை வயிற்றோடு அழுத்திப் பிடியுங்கள். அப்படியே லேசாகச் சாய்த்து, கொடி வயிற்றில் சேரும் இடமும் நனையும்படி அரை நிமிடம் வையுங்கள். தெளித்தால் ஒரு பக்கம்தான் நனையும். கொடியைக் கையால் தொடாதீர்கள். குப்பியில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு கன்றின் கொடியை முக்கியெடுத்த மருந்தில் அடுத்த கன்றின் கொடியை முக்கினால் அழுக்கையும் சேர்த்து ஊற்றுகிறோம். தாய் நக்கினால் மருந்து போய்விடும், ஐந்து நிமிடம் முகத்தைத் திருப்பிப் பிடியுங்கள். பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, கொடி பென்சில்போல் சுருங்கிக் கறுக்கும்வரை, இரண்டு மூன்று நாள் முக்க வேண்டும்.

கொடியைக் கட்ட வேண்டாம். கட்டினால் உள்ளே ஊறும் நீர் வடியாமல் தங்கிச் சீழாகும். ரத்தம் நிற்காமல் சொட்டினால் மட்டும், வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, கொதிக்கவைத்து அயோடினில் நனைத்த நூலால் கட்டுங்கள். கொடி தரையில் இழுபட்டால் கொதிக்கவைத்த கத்தரியால் நான்கு அங்குலம் விட்டு வெட்டலாம்.

இத்தனை செய்தும் சீம்பால் தாமதித்தால் பாதி வேலை வீண். தாயின் எதிர்ப்புச் சக்தி மாட்டில் கருப்பைக்குள்ளேயே கன்றுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் போகிறது. அதை உறிஞ்சும் குடலின் திறன் ஆறு மணி கழிந்தாலே குறையும், 24 மணியில் அநேகமாக நின்றுவிடும். 15 பர்மிய வீசை, அதாவது சுமார் 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர், 12 மணி நேரத்துக்குள் இன்னொரு ஒன்றரை லிட்டர் போகட்டும். ஊட்டவிடுகிறவர்கள் முதலில் மடியைக் கழுவித் துடையுங்கள். கன்று கொடுக்கிற முதல் சப்பு சாணியில் இருக்கக்கூடாது.

படுக்கையைச் சோதிக்க எளிய வழி: வைக்கோல்மேல் கைலியோடு அரை நிமிடம் மண்டியிடுங்கள். முட்டி நனைந்தால் தொப்புளும் நனைகிறது. கொடி காயும்வரை உமி வேண்டாம், ஈரக்கொடியில் அப்பிக்கொள்ளும்.

கேள்வி: பத்து நாள் கன்று. தொப்புளில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். சீழா, குடல் இறக்கமா? கீறிவிடலாமா?
– வாசகர், பெகு

பதில்: கத்தியை எடுக்காதீர்கள், தம்பி. குடல் இறங்கிய வீக்கத்தைக் கீறினால் கன்று பிழைக்காது. முதலில் கையால் பாருங்கள். குடல் இறக்கம் மெத்தென்றிருக்கும், சுடாது, வலிக்காது. கன்றை மல்லாத்தி மெதுவாக அழுத்தினால் உள்ளே போகும். போன இடத்தில் வயிற்றுச்சுவரில் வளையமாக ஓட்டை விரலுக்குத் தட்டும். சீழ்க்கட்டி இறுகிச் சுடும், தொட்டால் கன்று உதைக்கும், அழுத்தினாலும் உள்ளே போகாது. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அதனால் கால்நடை மருத்துவர் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்துச் சீழ்தான் என்று உறுதி செய்தபிறகே கீற வேண்டும்.

அதைவிட முக்கியம், வீக்கம் எவ்வளவு ஆழம் என்பது. கன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வயிறு தளர்ந்ததும் விரல்களைத் தட்டையாக வைத்து ஆழமாகத் தடவுங்கள். தொப்புளிலிருந்து முன்னால் ஈரல் பக்கம் கயிறுபோல் தடித்து ஓடினால் சிரையில் சீழ். பின்னால் மூத்திரப்பைப் பக்கம் ஓடினால் தமனியிலோ, மூத்திரப்பை நுனியிலிருந்து வரும் குழாயிலோ சீழ். அந்தக் குழாயில் சீழ் உள்ள கன்று முதுகை வளைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும். தொப்புள் சொதசொதவென்றே இருக்கும். வெளியே சுண்டுவிரல் பருமன்கூட இல்லாமல் உள்ளே கட்டைவிரல் பருமனில் சீழ் நிற்பதும் உண்டு. அப்படிப்பட்ட கன்றுக்கு மருந்தால் மட்டும் தீராது, அறுவை தேவைப்படும்.

காய்ச்சலும் பாருங்கள். ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 101 முதல் 103 டிகிரி வரை சரியான அளவு. 103.5க்கு மேல் போய், பால் குடிப்பதும் குறைந்தால் அன்றே டவுன்ஷிப் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். முட்டியோ கணுவோ வீங்கி நொண்டினால் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. அதற்குப்பின் ஒவ்வொரு நாளும் அந்த மூட்டு கெட்டுக்கொண்டே போகும்.

கேள்வி: பெனிசிலின் மூன்று நாள் போட்டோம், வீக்கம் வற்றியது. ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. மருந்து போலியா?
– வாசகர், தட்டோன்

பதில்: நாள் போதவில்லை என்றே தோன்றுகிறது. மூன்று நாளில் வீக்கம் வற்றும், குழாய்க்குள் இருக்கும் சீழ் வற்றாது. ஏழு நாளுக்குக் குறையாமல் போட வேண்டும், மூட்டில் இறங்கியிருந்தால் இன்னும் கூடுதலாக. அளவு கிலோவுக்கு 22,000 யூனிட். 25 கிலோ கன்றுக்கு 5,50,000 யூனிட். மில்லிக்கு 3 லட்சம் யூனிட் உள்ள புரோக்கெயின் பெனிசிலின் என்றால் சுமார் 1.8 மில்லி, கழுத்துச் சதையில். நாளுக்கு ஒரு தடவையா இரண்டா என்பதை மருத்துவர் சொல்வார். சாணியிலிருந்து வரும் ஈகோலி கிருமியைப் பெனிசிலின் பிடிக்காது. அதற்கு வேறு மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். கட்டி உடைந்திருந்தால், வெளிர்தேநீர் நிறம் வரும்வரை சுத்தமான நீரில் கலந்த போவிடோனால் தினமும் கழுவுங்கள். பீச்சாங்குழல் முனையை ஆழமாக நுழைக்காதீர்கள்.

கேள்வி: தொப்புளில் புழு நெளிகிறது. பெட்ரோல் ஊற்றலாமா?
– வாசகி, பெகு

பதில்: வேண்டாம்மா, தோல் வெந்து புண் பெருகும். டர்பன்டைன் எண்ணெய் நனைத்த துணியைப் புண்வாயில் ஐந்து நிமிடம் வைத்தால் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுத்துச் சூடான தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள். தரையில் விட்டால் மண்ணுக்குள் போய் ஈயாகத் திரும்பி வரும். 1 சதவீத ஐவர்மெக்டின் 25 கிலோவுக்கு அரை மில்லி, தோலுக்கடியில், மருத்துவரைக் கேட்டுப் போடலாம். புண்ணைச் சுற்றி ஈ விரட்டும் களிம்பு தடவி, மூன்று நாள் காலை மாலை புண்ணை விரித்துப் பாருங்கள். ஆழத்தில் தங்கிய புழு இரண்டாம் நாள்தான் கண்ணில் படும்.