செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் தெர்மோகோல் ஒட்டலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம், எங்கள் ஐயா கட்டிய வீடு. சித்திரை, வைகாசியில் மேற்கு அறையில் படுக்க முடியவில்லை. உட்சுவரில் நானே தெர்மோகோல் ஒட்டி, மேலே ஜிப்சம் போர்டு அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் ஜன்னல் ஓரத்தில் சுவரின் கனத்தைச் சாண் போட்டு அளந்து பாருங்கள். இரண்டு சாண், அதாவது ஒன்றரை அடி இருந்தால் அது பழைய சுண்ணாம்புச் சுவர். மதியம் அதன் உட்பக்கம் கை வைத்துப் பாருங்கள், பெரிய சூடு இருக்காது. உங்களை வாட்டுவது தலைக்கு மேலே இருக்கிறது. கூரை ஓடுகளை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். மொட்டை மாடிக்கு மாசியிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், செலவு கொஞ்சம்தான்.

அந்தக் காலத்துச் சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்பு வழியாக வெளியே விட்டுவிடும். அதை மூடினால் உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிரும். போர்டுக்குப் பின்னால் கரையான் குடித்தனம் நடத்துவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு ஒருமுறை போனால் போனதுதான்.

அப்புறம் இந்த 'சதுர அடிக்கு இவ்வளவு' ஆட்கள். வெயில் படும் வெளிச்சுவரில் வெப்பமானியைக் காட்டிப் பயமுறுத்துவார்கள், உட்சுவருக்கு 'கூல் பெயின்ட்' விற்பார்கள். அந்த பெயின்ட் வெயிலைத் திருப்பி அனுப்பத்தான். அறைக்குள் ஏதய்யா வெயில்? 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடி நாலு ஊர் அலைய வேண்டியிருக்கிறது. படித்துவிட்டு வரும் இன்ஜினியரோ சிமென்ட் மூட்டையோடுதான் வருகிறார்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த அறை பின்னாளில் சேர்த்துக் கட்டியது, சுவர் அரைச் சாண், அதாவது நாலரை இஞ்ச்தான் என்றால், அதற்கு வெப்பத் தடுப்பு தேவைதான். அதையும் வெளிப்பக்கம்தான் போட வேண்டும். சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; மழைக்காலம் முடிந்த கையோடு தொடங்காதீர்கள். தெர்மோகோல் வேண்டாம், எக்ஸ்பிஎஸ் என்னும் கெட்டியான நுரைப் பலகை வாங்குங்கள். தரையிலிருந்து ஓர் அடி விட்டே ஒட்டுங்கள், கரையானுக்கு ஏணி வைத்துக் கொடுக்கக் கூடாது. நெடி அடிக்கும் ரப்பர் பசை பலகையையே கரைத்துவிடும், அதற்கென்று விற்கும் சிமென்ட் பசைதான் சரி. மேலே கண்ணாடி நார் வலை பதித்துப் பூசிவிடுங்கள், வெறுமனே வெயிலில் விட்டால் பலகை பொடியாகும்.

இவ்வளவு வேலைக்கு முன்னால், அந்தச் சுவரை விட்டு ஓர் அடி தள்ளி ஒரு கீற்றுத் தட்டி கட்டி, பத்து நாள் படுத்துப் பாருங்கள்.