லண்டன் லேகியம்

கேள்வி: விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். 'இழந்த ஆரோக்கியத்தையும் நரம்புச் சக்தியையும் மீட்டுத் தரும்' என்கிறது. தலைவலி, அஜீரணம், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையாம்! உலகையே ஆண்ட வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் நம்பும் அளவுக்கு முட்டாள்களாகவா இருந்தார்கள்? ஆனாலும் அவை மூலிகை மருந்துகள்தானே, பக்கவிளைவு இருந்திருக்காது அல்லவா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முதல் கேள்வியில் வெள்ளைக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியில் அவர் எதை நம்பினாரோ அதையே நீங்களும் நம்புகிறீர்கள். சிரிப்பைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

நீங்கள் பார்த்தது யாருடைய மாத்திரை என்று எழுதவில்லை. அந்தத் தொழிலின் பெரிய புள்ளியையே எடுத்துக்கொள்கிறேன். தாமஸ் பீச்சம் 1820-ல் ஆக்ஸ்போர்டுஷயரில் பிறந்தவர். சிறு வயதில் ஆடு மேய்த்தவர். 1859-ல் லங்காஷயரின் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் கடையை ஊன்றினார். 'பெட்டி ஒரு கினி பெறும்' என்பது அவருடைய விளம்பர வாசகம். கினி என்றால் 21 ஷில்லிங். பெரிய டாக்டர்கள் கட்டணத்தைக் கினிக் கணக்கில்தான் வாங்குவார்கள். பெட்டியின் விலையோ 1 ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. டாக்டருக்கு அழ வேண்டிய பணம் உன் பையிலேயே மிச்சம் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டார் அந்த ஆட்டிடையர்.

1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட ரகசிய மருந்துகளைச் சோதித்து, சரக்கின் அடக்க விலையோடு புத்தகமாகப் போட்டது. பீச்சம் மாத்திரையில் கண்டெடுத்தவை: கரியபோளம், சுக்குப் பொடி, சோப்பு. கரியபோளம் என்பது கற்றாழைச் சாற்றை இறுக்கி எடுப்பது, பேதி மருந்து. 56 மாத்திரை கொண்ட பெட்டிக்குச் சரக்கின் அடக்கம் அரை ஃபார்திங். நான்கு ஃபார்திங் ஒரு பென்னி, பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். பெருக்கிப் பாருங்கள், விற்ற விலையில் நூற்றெட்டில் ஒரு பங்கு. நமக்கு நூற்றெட்டு அர்ச்சனைக் கணக்கு. அங்கே லாபக் கணக்கு.

விலையில் அந்த ஒன்றரைப் பென்னி எதற்கு என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அது அரசாங்கத்துக்கு. 1783-ல் தொடங்கிய மருந்து முத்திரை வரி. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின்மேல் அரசு முத்திரைச் சீட்டை ஒட்டியாக வேண்டும். கடையில் வாங்குபவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ராணியின் அரசாங்கமே சோதித்துக் கொடுத்த சான்றிதழாகத் தெரியும். அரசு இதற்கு உத்தரவாதம் தரவில்லை என்று பிற்பாடு அந்தச் சீட்டிலேயே அச்சடிக்க வேண்டியதாயிற்று. பொடி எழுத்தை யார் படித்தார்கள்? மாத்திரைச் சரக்கின் அடக்கத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கை வரியாக வாங்கிக் கல்லாவில் போட்ட அரசு, அந்த மாத்திரையைத் தடை செய்யத் துடித்திருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களா? வரி 1941 வரை நீடித்தது.

'பேட்டன்ட் மருந்து' என்ற பெயரும் ஒரு வேடிக்கைதான். பெரும்பாலானவை காப்புரிமை வாங்கியவையே அல்ல. வாங்க வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிக்கொடுத்துவிட்டு எதை விற்பது?

இனி, முட்டாள்கள் விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் முறையாகப் படித்த டாக்டரிடம் போனவர் என்ன பெற்றார் என்று பாருங்கள். ரத்தம் வடித்தார்கள். கலோமெல் என்ற பாதரச உப்பைக் கொடுத்தார்கள். எச்சில் ஒழுகி, ஈறு புண்ணாகி, பல் ஆடியது. இதற்குக் கட்டணம் வேறு. அதோடு ஒப்பிட்டால் சுக்கும் சோப்பும் தங்கம்! ரொட்டியும் தேநீருமாகக் காலம் தள்ளிய மில் தொழிலாளிக்கு மலச்சிக்கல் இருந்திருந்தால் பீச்சம் அதைத் தீர்த்தும் இருப்பார். காலையில் வயிறு லேசானவர், தலைவலியும் மனச்சோர்வும்கூட மாத்திரையால்தான் போயின என்று ஊரெல்லாம் சொன்னதில் வியப்பில்லை. உண்மையான ஒரு பலனின் முதுகில் முப்பது பொய்ப் பலன்கள் ஏறிச் சவாரி செய்தன. அவரை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

மூலிகை என்றீர்களே. அமெரிக்காவில் 1875-லிருந்து விற்பனையான லிடியா பிங்க்கம் அம்மையாரின் 'தாவரக் கலவை'யில் வேர்கள் இருந்தன, உண்மை. கூடவே ஏறக்குறைய 18 சதவீதம் சாராயமும் இருந்தது. மதுவைத் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்த குடும்பங்களிலும் அது அலமாரியில் இருந்தது. மிசஸ் வின்ஸ்லோ பெயரில் விற்ற சிரப், பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை அடக்கும் என்றது, அடக்கியது. அதில் இருந்தது மார்பின், கசகசாச் செடியின் பாலான அபினிலிருந்து எடுப்பது. கசகசாச் செடியும் மூலிகைதான், ஐயா. அந்தச் சிரப்பைக் குடித்துத் தூங்கிய சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை.

'நரம்புச் சக்தி' எங்கிருந்து வந்தது? அது கிராமத்து நோயல்ல. தந்திக் கம்பியும் ரயிலும் வந்தபின் பிறந்த நோய். 1869-ல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க டாக்டர் 'நியூரஸ்தீனியா' என்ற பெயரைப் பரப்பினார். நரம்புக்குள் குறிப்பிட்ட அளவு சக்தி இருக்கிறது, நவீன வாழ்க்கை அதைப் பாட்டரியைப்போல வடித்துவிடுகிறது என்பது அவர் கட்சி. தீர்ந்துபோகும் சக்தி என்று டாக்டரே சொன்னபின், நிரப்பித் தருகிறேன் என்று ஒருவன் வராமல் இருப்பானா? பாஸ்பரஸ் இல்லாமல் எண்ணம் இல்லை என்று மோலஷாட் என்ற விஞ்ஞானி முன்பே சொல்லிவைத்திருந்தார். அந்த வாக்கியத்தின் தயவில் பாஸ்பரஸ் டானிக்குகள் ஓடின. 1890-களின் கடைசியில் ஜெர்மனியிலிருந்து வந்த சானடோஜென் அவற்றில் ஒன்று: 95 சதவீதம் பாலில் உள்ள கேசின் புரதம், 5 சதவீதம் கிளிசரோபாஸ்பேட் உப்பு. பாலைக் குடித்திருக்கலாம். லண்டன் ஆக்ஸ்போர்டு வீதியில் ஹார்னஸ் என்பவர் மின்சார இடுப்புப் பட்டையே விற்றார். துத்தநாகத் தகடும் செம்புத் தகடும் தைத்த பட்டை. மின்பொறியாளர்களின் பத்திரிகை விடாமல் குட்டை உடைத்ததில் 1890-களின் நடுவில் அவர் கம்பெனி கவிழ்ந்தது.

நவீன மனிதனின் நரம்பு கெடுவதற்குப் பியர்ட் சொன்ன ஐந்து காரணங்களில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. அது பத்திரிகைகள்! நோயைத் தந்ததும் நாங்கள், மருந்தை விற்றதும் நாங்கள்.

விற்றது நாங்கள்தான். தாமஸ் ஹாலோவே என்ற மாத்திரை வியாபாரி ஆரம்ப நாட்களில் பத்திரிகை விளம்பரத்துக்குக் கடன்பட்டுச் சிறைக்குப் போனவர். வெளியே வந்து என்ன செய்தார்? இன்னும் அதிகமாக விளம்பரம் செய்தார். கடைசிக் காலத்தில் அந்தச் செலவு வருடத்துக்கு 50,000 பவுன் வரை போனது. மிஞ்சிய பணத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரியும் மனநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையும் கட்டினார். கல்லூரியை 1886-ல் ராணியே திறந்துவைத்தார். கல்லூரி இன்றும் நடக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அமெரிக்காவில் நடந்தது இதைவிடக் கேவலம். மருந்துக் கம்பெனிகள் பத்திரிகைகளோடு போட்ட விளம்பர ஒப்பந்தத்தில் சிவப்பு மையில் ஒரு ஷரத்து இருந்தது: உங்கள் மாகாணத்தில் எங்கள் தொழிலுக்கு எதிராகச் சட்டம் வந்தால் ஒப்பந்தம் ரத்து. சட்டம் வராமல் பார்த்துக்கொள்வது பத்திரிகை ஆசிரியரின் வேலையாயிற்று. 1905-ல் 'காலியர்ஸ்' வார இதழ் இதை அம்பலப்படுத்தியது. அதே ஆண்டு இன்னொரு பத்திரிகை பிங்க்கம் அம்மையாரின் கல்லறைப் படத்தை அச்சிட்டது. பெண்களே, உங்கள் உடல் ரகசியங்களைத் தயங்காமல் மிசஸ் பிங்க்கமுக்கு எழுதுங்கள் என்று விளம்பரம் அழைத்துக்கொண்டிருந்தது. கல்லறையில் பொறித்திருந்த ஆண்டு 1883. இங்கிலாந்தில் மருத்துவச் சங்கத்தின் புத்தகத்துக்குப் பணம் கொடுத்தாலும் விளம்பரம் போட மாட்டோம் என்று பல பத்திரிகைகள் மறுத்தன. அரை ஃபார்திங் கணக்கு வாசகருக்குத் தெரிந்துவிடுமே!

நம் ஊருக்கு வருவோம். மாயத் தீர்வு விளம்பரங்களைத் தடுக்க இந்தியாவில் 1954-ல் ஒரு சட்டம் வந்தது. இன்னின்ன நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் அட்டவணை ஐம்பதுக்கு மேற்பட்ட பெயர்களை அடுக்குகிறது. புற்றுநோய், நீரிழிவு, காசநோய் ஆகியவற்றோடு அதில் நரம்புத் தளர்ச்சியும் இருக்கிறது. லண்டன் விளம்பரக்காரன் விற்ற அதே சரக்கு. சட்டத்துக்கு எழுபது வயது ஆகிவிட்டது. உங்கள் ஊர் பஸ் நிலையத்துச் சுவர்களை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பத்திரிகையும் யோக்கியமல்ல. சென்ற மாதம் பின்னட்டையில் மாணவர்களின் மூளைக்குச் சுறுசுறுப்பு தரும் பானம் ஒன்றுக்கு முழுப் பக்கம் கொடுத்தோம். அந்த வாசகத்துக்கு என்ன ஆதாரம் என்று நான் கேட்கவில்லை. காசோலை வந்துவிட்டதா என்றுதான் கேட்டேன். இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கும்போது விளம்பரப் பிரிவு நண்பர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, அந்தப் பானக்காரர் அடுத்த மூன்று இதழ்களுக்கும் பேசிக்கொண்டிருக்கிறார், இந்தக் கேள்வியை தீபாவளி கழித்துப் போடலாமா என்று கேட்டார்.