மகள் கேட்கும் மெக்கட்ரானிக்ஸ்: மில் ஃபிட்டர் ஒருவருக்கு எழுதிய பதில்

வணக்கம் ஐயா.

உங்கள் மகள் சேர விரும்பும் மெக்கட்ரானிக்ஸ் பற்றி, "மெக்கானிக்கலும் இல்லை, எலெக்ட்ரானிக்ஸும் இல்லை, ரெண்டுங்கெட்டான் படிப்பா இருக்கே" என்று கேட்டிருந்தீர்கள். நூற்பாலையில் ஃபிட்டராக இருக்கும் உங்களுக்கு உங்கள் மில்லை வைத்தே சொல்கிறேன்.

நூலைக் கோனில் சுற்றும் மெஷினான ஆட்டோகோனரைப் பாருங்கள். நூலில் தடிப்போ மெலிவோ வந்தால், நூலைச் சோதிக்கும் கிளியரரில் இருக்கும் சென்சார் பிடித்துவிடுகிறது. உடனே கட்டர் வெட்டுகிறது. அறுந்த இரண்டு முனைகளையும் உறிஞ்சி எடுத்துக் கொடுத்தால், ஸ்ப்ளைசர் காற்றழுத்தத்தால் முடிச்சில்லாமல் இணைத்துவிடுகிறது. இதில் எது மெக்கானிக்கல், எது எலெக்ட்ரானிக்ஸ்? பிரிக்க முடியாத அந்த இடம்தான் மெக்கட்ரானிக்ஸ். 1969இல் ஜப்பானில் மோட்டார் தயாரிக்கும் யாஸ்காவா நிறுவனத்தின் பொறியாளர் டெட்சுரோ மோரி வைத்த பெயர் அது.

மெஷின் நின்றால் ஃபிட்டர் போர்டைச் சந்தேகிப்பார், எலெக்ட்ரீஷியன் பேரிங்கைச் சந்தேகிப்பார். நீங்கள் பார்க்காததா? இரண்டு பக்கமும் புரிந்த ஆளுக்கு நூற்பாலையில் மட்டுமல்ல, ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள வாகன ஆலைகளிலும் வேலை இருக்கிறது.

உங்கள் பயத்திலும் நியாயம் உண்டு. சென்சார், மைக்ரோகன்ட்ரோலர், பி.எல்.சி. (ஆலை மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலர்), ஹைட்ராலிக்ஸ், நியூமேட்டிக்ஸ், ரோபாட்டிக்ஸ், புரோகிராமிங் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதிலும் ஆழம் இல்லாமல் வெளியே வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். இன்டர்வியூவில் அது தெரிந்துவிடும். அதனால் மூன்றாம் வருடத்துக்குள் ஒன்றை இறுகப் பிடித்தாக வேண்டும். பி.எல்.சி.யும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும் ஒரு வழி, கருவிக்குள் இருக்கும் சிப்புக்கு எழுதும் எம்பெடட் புரோகிராமிங் இன்னொரு வழி, மெஷின் டிசைன் மற்றொன்று. கன்ட்ரோல் சிஸ்டம் பாடம் முழுக்கக் கணக்கு. கணக்கு வராவிட்டால் அங்கே திணறிப்போவார்கள்.

எம்.டெக். சேர எழுதும் கேட் (GATE) தேர்வில் மெக்கட்ரானிக்ஸுக்குத் தனித் தாள் கிடையாது. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் மாதிரி ஒரு தாளை எழுத வேண்டும். அரசு வேலைதான் குறி என்றால், அறிவிப்புகளில் கேட்கும் பட்டத்தின் பெயரை இப்போதே பார்த்துவிடுங்கள். சில வேலைகளுக்கு மெக்கானிக்கல் என்றோ எலெக்ட்ரிக்கல் என்றோ பெயர் குறிப்பிட்டே கேட்பார்கள்.

அடுத்தது கல்லூரி. என்னைக் கேட்டால் பாடப்பிரிவைவிட லேப்தான் முக்கியம். மதுரை தியாகராஜர், பெருந்துறை கொங்கு போன்ற கல்லூரிகளில் இந்தப் பிரிவு இருக்கிறது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும், கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் நேரில் போய், பி.எல்.சி. கிட்டில் மாணவர்களே வயரிங் செய்து ஓட்டுகிறார்களா, ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று சீனியர் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். கட்-ஆஃபுக்குக் கிடைக்கும் மெக்கட்ரானிக்ஸ் சீட் லேப் இல்லாத கல்லூரியில் என்றால் தயங்காமல் விடுங்கள். நல்ல கல்லூரியில் மெக்கானிக்கலோ இன்ஸ்ட்ருமென்டேஷனோ எடுத்து, ஆட்டோமேஷனைப் பக்கத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

"பொம்பளப் பிள்ளைக்கு மெஷின் வேலை சரிவருமா" என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. ஐயா, பழுதான மிக்ஸியைக் கழற்றி அவளே சரிசெய்தாள் என்று அதே கடிதத்தில் நீங்கள்தானே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்? அவளுக்குக் கை வருகிறது. அனுமதி கிடைத்தால் ஒருநாள் மில்லுக்குக் கூட்டிப்போய் ஆட்டோகோனர் பக்கத்தில் அரைமணி நேரம் நிற்க வையுங்கள். நீங்களாக எதையும் விளக்க வேண்டாம். அவள் என்னென்ன கேட்டாள் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். சாய்ஸ் பட்டியலை அப்புறம் சேர்ந்து போடுவோம்.