நுழைவுத் தேர்வு முடிந்து கணக்கு விடைகளை ஒப்பிடும்போது ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாலு பேரில் மூன்று பேருக்கு ஒரே விடை வந்துவிட்டது என்பதற்காக அதையே சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குகிற இடத்தில் என்ன எண் கிடைக்குமோ, அதையும் ஓர் ஆப்ஷனாக வைப்பது வினாத்தாள் தயாரிப்பவர்களின் வழக்கம். அதனால் பலரும் சேர்ந்தே தப்பான விடைக்குப் போய்விடுவது சகஜம்.

5 ஆண்கள், 4 பெண்களிலிருந்து 4 பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும், குறைந்தது 2 பெண்கள் இருக்க வேண்டும் என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். 4 பெண்களில் இருவரை 6 வழிகளிலும், மீதி 7 பேரில் இருவரை 21 வழிகளிலும் எடுத்து, பெருக்கி 126 என்று பலர் போடுவார்கள். ஆனால் நிபந்தனையே இல்லாமல் 9 பேரில் 4 பேரை எடுக்கும் வழிகள் மொத்தமே 126தான்! பெண்களே இல்லாத குழுக்களும் அதில் அடக்கம். தப்பு எங்கே? 3 பெண்கள் உள்ள ஒவ்வொரு குழுவும் 3 முறை எண்ணப்பட்டிருக்கிறது. 4 பெண்கள் உள்ள குழு 6 முறை. தனித்தனியாகப் பிரித்து எண்ணினால் 60 + 20 + 1 = 81. இப்படி மொத்தத்தோடு ஒப்பிடுகிற சோதனைக்கு அரை நிமிடம் போதும். யாருடைய வழிமுறை சரி என்று வாதாடத் தேவையே இல்லை.

சமன்பாடு என்றால் இன்னும் சுலபம்: கிடைத்த விடையை மூலக் கேள்வியிலேயே போட்டுப் பாருங்கள். √(2எக்ஸ் + 3) = எக்ஸ் என்பதை இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 3, -1 என இரண்டு எண்கள் வரும். -1ஐ மூலச் சமன்பாட்டில் போட்டால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் -1. எனவே தீர்வு 3 மட்டுமே. வர்க்கப்படுத்திய பிறகு கிடைத்த வரியில் போட்டுச் சரிபார்த்தால் இந்தத் தப்பு தெரியாது. கேள்வித்தாளில் உள்ள வரியில்தான் போட வேண்டும். மடக்கைக் கணக்குகளுக்கும் இதே எச்சரிக்கை.

வர்க்கப்படுத்தினால் போலித் தீர்வு நுழையலாம். வகுத்தால் உண்மைத் தீர்வு காணாமல் போகலாம். சைன் 2எக்ஸ் = சைன் எக்ஸ், 0 முதல் 360 டிகிரி வரை எத்தனை தீர்வுகள்? இருபுறமும் சைன் எக்ஸால் வகுத்தவர் 60, 300 என இரண்டு என்பார். வகுக்காமல் பொதுக் காரணி எடுத்தவருக்கு 0, 180, 360 சேர்ந்து ஐந்து. இன்னொருவர் நான்கு என்கிறாரா? கேள்வியில் 360ஐச் சேர்க்கும் சதுர அடைப்பு இருந்ததா, விலக்கும் வளைவு அடைப்பு இருந்ததா என்று பாருங்கள். இந்த வகைச் சண்டைகளில் பாதி, கேள்வியை ஆளுக்கொரு விதமாக ஞாபகம் வைத்திருப்பதால் வருவது. பந்துகளை எடுக்கும் நிகழ்தகவுக் கணக்கில், எடுத்த பந்தைத் திரும்பப் போட்டார்களா இல்லையா என்பதும் அப்படித்தான்.

சில சமயம் இருவருமே சரியாக இருப்பார்கள். √(5 + 2√6) என்பதும் √3 + √2 என்பதும் ஒரே எண். இரண்டையும் தசமமாக்கினால் ஏறத்தாழ 3.146. சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் பெருக்கலைத் தொகையிட்டு ஒருவர் சைன் வர்க்கத்தில் பாதி என்பார், இன்னொருவர் காஸ் வர்க்கத்தில் பாதிக்கு மைனஸ் போடுவார். இரண்டுக்கும் இடையே ஒரு மாறிலிதான் வித்தியாசம், இரண்டும் சரி. வரையறுத்த தொகையீட்டில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. எண் ஒன்றாகவே வர வேண்டும்.

அப்புறம், "எனக்கு மூன்றாவது ஆப்ஷன்" என்று ஒப்பிடுவதில் பயனில்லை. செட்டுக்குச் செட் ஆப்ஷன் வரிசை மாறலாம். மதிப்பைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், யாரோடும் பேசாமல், நீங்கள் குறித்த விடைகளைத் தாளில் எழுதிவிடுங்கள். மற்றவர் விடையைக் கேட்டபின் "நானும் அதைத்தான் போட்டேன்" என்று நினைவு மாறிவிடுவது உண்டு. அன்றே இன்னொரு தாள் இருந்தால், அது முடியும்வரை இந்தப் பேச்சே வேண்டாம்.

மதிப்பெண் கணக்கிடும்போது நிச்சயம், சந்தேகம், குருட்டுக் குறி என்று மூன்றாகப் பிரியுங்கள். சரிக்கு 4, தப்புக்கு -1 என்றால், நான்கு ஆப்ஷன் கேள்வியில் குருட்டுக் குறியின் சராசரி மதிப்பு கால் மதிப்பெண்தான். அப்படி 8 கேள்விகள் இருந்தால் 2 மதிப்பெண் என்று மட்டும் சேருங்கள், 32 என்று அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு ஆப்ஷன்கள் சரியாகவே நின்றால், கேள்வியிலேயே பிழை இருக்கலாம். படிகளை வரிவரியாக எழுதி வையுங்கள். தற்காலிக விடைக்குறிப்புக்கு ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தருகிற தேர்வாக இருந்தால், அந்தத் தாளே உங்கள் ஆதாரம்.