சேசிஸைக் குட்டையாக்கினால் ஏர் லைனை என்ன செய்வது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டொங்காட் பக்கம் கரும்பு ஏற்றும் வேலை செய்கிறேன் அண்ணே. ஏலத்தில் பழைய ராணுவ லாரி, சாமில் 50, ஒன்று எடுத்தேன். தோட்டத்துப் பாதையில் திரும்ப வசதியாக சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, 80 சென்டிமீட்டர் குறைக்கப் போகிறோம். பின்னால் போகும் பிரேக் ஏர் குழாய்களை நடுவில் வெட்டி இணைக்கலாமா, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. சுருட்டிக் கட்டினால் வளையத்தின் அடியில் தண்ணீர் தேங்கும். வண்டி ஆட ஆட குழாயோடு குழாய் உரசித் தேயும். நடுவில் ஜாயின்ட் போட்டால் ஏர் இறங்குவதற்குப் புதிதாக ஓர் இடத்தை நாமே செய்து வைத்த மாதிரி, அதுவும் கை நுழையாத இடத்தில். நைலான் குழாய் நல்ல நிலையில் இருந்தால், பின் ஃபிட்டிங்கிலிருந்து கழற்றி அந்த முனையிலேயே மிச்சத்தை வெட்டி மாட்டுங்கள். இரும்புக் குழாய் என்றால் முழு நீளத்துக்கும் புதிது. நம் கடற்கரை உப்புக் காற்று கிளிப்புக்கு அடியில் எவ்வளவு அரித்திருக்கிறது என்பது கழற்றினால்தான் தெரியும்.

அதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். சக்கரத்தருகே சேம்பரும் (ஏர் நிரம்பும் உருண்டை டப்பா) அது தள்ளும் ராடும் இருந்தால் முழு ஏர் பிரேக். சக்கரத்துக்குள் மெல்லிய எண்ணெய்க் குழாய் போனால், ஏர் போய் ஹைட்ராலிக்கைத் தள்ளும் வகை. அந்த எண்ணெய்க் குழாய்க்கு நைலான் ஆகவே ஆகாது. அதில் பிரஷர் பல மடங்கு.

ஏரை இறக்குமுன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஸ்பிரிங் பிரேக் இருந்தால் ஏர் போனதும் தானாகப் பிடித்துக்கொள்ளும். வண்டியை நகர்த்த கேஜிங் போல்ட் போட்டு ஸ்பிரிங்கை இழுத்து வைக்க வேண்டும். அந்தச் சேம்பரின் கிளாம்பை மட்டும் தொடாதீர்கள். உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். வெல்டிங் தொடங்குமுன் பக்கத்து நைலான் குழாய்களையெல்லாம் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். ஒரு பொறி பட்டால் போதும்.

கழற்றும்போது ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் டேப் ஒட்டி எழுதுங்கள். ஐரோப்பிய வகை வால்வுகளில் போர்ட் அருகே எண் அடித்திருக்கும்: 1 ஏர் வருவது, 2 ஏர் போவது, 3 வெளியே விடுவது, 4 பெடலிலிருந்து வரும் சிக்னல். பெடல் சிக்னல் வந்ததும் டேங்க் ஏரைச் சக்கரத்துக்குத் திறந்துவிடும் ரிலே வால்வில் 1ஐயும் 4ஐயும் மாற்றி மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பிரேக் பிடிக்கும்! ஆனால் மெதுவாகப் பிடித்து மெதுவாக விடும். பட்டறை வாசலில் அது தெரியாது. பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி இறக்கத்தில்தான் தெரியும். 2013இல் அங்கே கட்டுப்பாடு இழந்த லாரியால் 24 பேர் போனதை நம் ஊரில் யார் மறப்பார்கள்?

சாமில் ஜெர்மனியின் மாகிரஸ் டாய்ட்ஸ் லாரி வழி வந்த வண்டி, எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 12 மி.மீ. குழாய்க்கு அரை அங்குல ஃபிட்டிங் கைக்குப் பொருந்தின மாதிரிதான் இருக்கும், இடையில் 0.7 மி.மீ. வித்தியாசம், ஒருநாள் கழன்று வரும்.

நைலானை ஹேக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள். நான் அறுத்திருக்கிறேன். ஒரு வாரத்தில் ரிலே வால்வின் அடியிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓயாத சத்தம். பிரித்துப் பார்த்தால் வால்வு மூடி உட்காரும் சீட்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு நைலான் சுருள்! குழாய் வெட்டும் கட்டர் 90 டிகிரிக்கு நேராக வெட்டும், தூளும் வராது. கம்ப்ரெஷன் ஃபிட்டிங் என்றால் குழாய்க்குள் பித்தளை இன்சர்ட், வெளியே புது ரிங். இன்சர்ட் இல்லாமல் இறுக்கினால் குழாய் நசுங்கும், முதல் நாள் கசியாது, சூட்டில் கசியும். 12 மி.மீ. குழாயை 8 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்க வேண்டாம். சைலன்சர் பக்கமும் கொண்டுபோக வேண்டாம். சேசிஸிலிருந்து அச்சுக்கு இறங்கும் இடத்தில் ரப்பர் ஹோஸ்தான், அச்சு முழுதும் கீழே தொங்கும்போதும் இழுபடாத நீளத்தில்.

இடம் போதவில்லை என்று ஏர் டேங்க் ஒன்றைக் குறைக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன் சர்க்யூட்டும் பின் சர்க்யூட்டும் தனித்தனி டேங்கில் இருப்பது, ஒன்று போனாலும் இன்னொன்று நிறுத்தத்தான். டேங்கில் பிராக்கெட் வெல்டு செய்வதும் கூடாது.

மாட்டி முடித்ததும் ஏரை முழுதாக ஏற்றி இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு நிமிடத்தில் ஏர் பிரஷர் 0.14 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை மிதித்தபடி 0.2 பார். அமெரிக்காவில் டிரெய்லர் இல்லாத லாரிக்கு வைத்திருக்கும் அளவு இது, நானும் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். மீறினால் சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்துக் கசிவைத் தேடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. ஏழு டன் வண்டி, எடை மையம் 1.2 மீட்டர் உயரம் என்று வையுங்கள். பாதி ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) வேகக் குறைப்பில், 4 மீட்டர் வீல்பேஸில் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம்) பின் அச்சிலிருந்து முன்னே தாவும் எடை 1,050 கிலோ, 3.2 மீட்டராக்கினால் 1,310 கிலோ ஆகிவிடும். பின் பிரேக் பழைய பலத்திலேயே பிடித்தால் காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டி, வால் சுற்றும். பின் அச்சில் லோடு சென்சிங் வால்வு (சுமைக்கு ஏற்ப பின் பிரேக் ஏரைக் கூட்டிக் குறைப்பது) இருந்தால் அதன் லிங்கேஜை புதிய எடைக்கு மறுபடி அமைக்க வேண்டும், ஸ்பிரிங் பட்டை மாற்றினால் இன்னொரு முறை. முதல் ஓட்டம் தோட்டத்துச் சமதளத்தில், காலியாக, 20 கிலோமீட்டர் வேகத்தில். மிதிக்கும்போது எந்தச் சக்கரம் முதலில் இழுபடுகிறது என்று பார்க்க பக்கவாட்டில், எட்டி ஓர் ஆளை நிறுத்துங்கள். பின் சக்கரம் என்றால் தார் ரோட்டுக்கு எடுக்காமல், வால்வின் தகட்டில் உள்ள எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்.